தோற்றவர்கள் வளர்த்த பெயர்

பீர் காய்ச்சி முடிந்த தொட்டியின் அடியில் ஒரு சேறு தங்கும். சர்க்கரையைத் தின்று சாராயமாக்கிக் கொடுத்த ஈஸ்ட் உயிரணுக்கள், வேலை முடிந்து, கோடிக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கும் சேறு அது. கசக்கும், வாடை அடிக்கும். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதே ஆலைக்காரர்களுக்குப் பெரும்பாடு. அந்தச் சேற்றிலிருந்து பிறந்த ஒரு பண்டத்தை ஆஸ்திரேலியர்கள் 100 ஆண்டுகளாகக் காலை ரொட்டியில் தடவித் தின்கிறார்கள். அதன் பெயர் வெஜிமைட். பார்வைக்கு வண்டி மை போலக் கறுத்துக் குழைந்திருக்கும். நூற்றுக்கு எட்டுப் பங்கு உப்பு. பழகாத நாக்கு முதல் தடவையிலேயே துப்பிவிடும். இப்படிப்பட்ட பண்டத்தை ஒரு தேசம் தன் அடையாளமாகக் கொண்டாட வைத்தது எது?

தயாரித்தவர்களின் திறமை அதில் பாதி. மீதியைச் செய்தவர்கள் வாடிக்கையாளர்கள். பெயரை அவர்கள் கொடுத்தார்கள். பாட்டை அவர்கள் எழுதினார்கள். நிறுவனம் ஒரு முறை பொருந்தாத பெயரை வைத்தபோது நான்கே நாளில் அதை இறக்கியும் வைத்தார்கள். இன்று சின்னஞ்சிறு உணவு நிறுவனங்கள்கூட, “எங்கள் பண்டத்துக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள், பரிசு உண்டு” என்று கைப்பேசித் திரையில் கேட்கின்றன. அந்த வேண்டுகோளைக் கேட்ட மனத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க, வெஜிமைட்டைவிட நல்ல சோதனைக்கூடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரே பண்டம், ஒரே நாடு. தபால் காலத்துப் போட்டியும் இணையக் காலத்துப் போட்டியும் அருகருகே வைத்துப் பார்க்கக் கிடைக்கின்றன.

மெல்பர்ன் நகரில் சிறிய அளவில் உணவுப் பண்டத் தொழில் நடத்தியவர் ஃபிரெட் வாக்கர். முதல் உலகப் போரில் கப்பல் போக்குவரத்து குலைந்தது. இங்கிலாந்திலிருந்து வந்துகொண்டிருந்த மார்மைட் ஆஸ்திரேலியக் கடைகளில் அரிதாகிப் போனது. பர்ட்டன் நகரத்துப் பீர் ஆலைகளின் ஈஸ்ட்டைக் கொண்டு 1902 முதல் செய்யப்பட்டு வந்த சாறு அது. அதேபோல ஒன்றை உள்ளூர் ஈஸ்ட்டிலேயே செய்துவிடலாம் என்று நம்பினார் வாக்கர். அதற்காக அவர் சேர்த்துக்கொண்ட வேதியியலாளர் சிறில் காலிஸ்டர், போர்க்காலத்தில் பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தவர். மார்மைட்டின் செய்முறை தொழில் ரகசியம். எல்லாவற்றையும் காலிஸ்டர் தானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அவருக்குக் கைகொடுத்தது ஈஸ்ட்டின் ஒரு விந்தையான குணம். அது தன்னைத்தானே செரித்துக்கொள்ளும். உயிரோடிருக்கும் ஈஸ்ட் அணுவுக்குள், புரதத்தை வெட்டும் நொதிகள் தனியறையில் பூட்டப்பட்டிருக்கின்றன. உப்புச் சேர்த்து 50 டிகிரி வாக்கில் மிதமாகச் சூடேற்றினால் அணு செத்துவிடும். நொதிகளின் வேலை நிற்காது. உள்சுவர்கள் இளகி, விடுபட்ட நொதிகள் தாங்கள் குடியிருந்த அணுவின் புரதங்களையே துண்டு துண்டாக வெட்டத் தொடங்கும். மணிக்கணக்கில் காத்திருந்தால், உறுதியான புரதமெல்லாம் நீரில் கரையும் அமினோ அமிலங்களாகிவிடும். அவற்றில் ஒன்று குளூட்டமிக் அமிலம். கடற்பாசிச் சாற்றின் சுவைக்கு இதுவே காரணம் என்று 1908-ல் கண்டுபிடித்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டவர் டோக்கியோவின் கிகுனாயே இகேதா. எலும்பு ரசத்திலும் நன்றாகப் பழுத்த தக்காளியிலும் நாக்கு தேடும் சுவை அது. வெளியிலிருந்து ஒரு சொட்டு அமிலம் ஊற்றாமல், ஈஸ்ட்டின் சொந்த நொதிகளைக் கொண்டே அதைச் சமைத்தெடுக்க முடிகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பையும் கழுவ வேண்டும், அணுக்களின் தோலை வடிகட்ட வேண்டும், எஞ்சிய சாற்றைச் சுண்டவைக்க வேண்டும். உப்பும், செலரி, வெங்காயச் சாறுகளும் சேர்ந்ததும் பண்டம் தயார். பி வகை வைட்டமின்கள் ஈஸ்ட்டில் இயல்பாகவே நிறைய உண்டு. வைட்டமின் என்ற சொல்லே 1912-ல்தான் பிறந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், காலிஸ்டர் அந்தக் காலத்து அறிவியலின் முன்னணியில் நின்று வேலை செய்தார் என்பது விளங்கும்.

பண்டம் ஆயிற்று, பெயர் இல்லை. வாக்கர் நாடு முழுவதற்கும் ஒரு போட்டி அறிவித்தார். 50 பவுண்டு பரிசு. அந்தக் காலத்துக்குக் கணிசமான தொகை. வந்து குவிந்த சீட்டுகளைத் தொப்பியில் போட்டு, வாக்கரின் மகள் ஒன்றை எடுத்தாள் என்பது நிறுவனம் சொல்லும் வரலாறு. வெஜிமைட் என்ற பெயரை எழுதி அனுப்பியவர் யார் என்பதை அந்த வரலாறு காப்பாற்றி வைக்கவில்லை. 1923-ல் சாறு அந்தப் பெயரோடு கடைக்கு வந்தது.

விற்கவில்லை.

போர் முடிந்து மார்மைட் திரும்ப வந்துவிட்டிருந்தது. மக்களுக்குப் பழகிய ஜாடி அதுதான். ஐந்து ஆண்டுகள் பொறுத்துப் பார்த்த வாக்கர், 1928-ல் பெயரையே மாற்றினார். புதுப் பெயர் பார்வில். ஆங்கிலத்தில் இதற்குள் ஒரு சிலேடை இருக்கிறது. ‘மைட்’ என்றால் செய்தாலும் செய்யலாம் என்று பொருள். ‘வில்’ என்றால் செய்தே தீரும் என்று பொருள். மார்மைட் என்பதை, அம்மா செய்தாலும் செய்யலாம் என்று கேட்கும்படி பிரித்து, அதற்கு எதிரே, அப்பா செய்தே தீருவார் என்ற ஒலியில் பார்வில்லை நிறுத்தினார். வாசகமும் அதே சிலேடைதான்.

சாமர்த்தியமான வாசகம். ஆனால் நினைவின் இயல்புக்கு நேரெதிரானது. மனம் ஒரு சொல்லைத் தனியாகப் பத்திரப்படுத்துவதில்லை. கூடவே அறிமுகமான சொற்களோடு கட்டிவைக்கிறது. ஒன்றைத் தொட்டால் மற்றதும் எழும். பார்வில் சிலேடை புரிய வேண்டுமென்றால் கேட்பவர் முதலில் மார்மைட்டை நினைக்க வேண்டும். ஒவ்வொரு விளம்பரமும் போட்டியாளரின் பெயரைத்தான் முதலில் தட்டி எழுப்பியது. தன் காசைச் செலவழித்து அடுத்தவர் பெயரை ஊர் மனத்தில் ஆழமாகப் பதித்த விளம்பரம் அது. ஏழு ஆண்டு அந்தப் பெயரோடு போராடியபின், 1935-ல் வெஜிமைட் என்ற பழைய பெயரே திரும்பியது. அதே ஆண்டு வாக்கர் காலமானார்.

அதற்கடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் திருப்பம் வந்தது. நிறுவனம் அப்போது அமெரிக்கரான ஜேம்ஸ் கிராஃப்ட்டோடு கூட்டுச் சேர்ந்து பாலாடைக்கட்டியும் விற்றுக்கொண்டிருந்தது. மற்றப் பண்டங்களை வாங்கினால் ஒரு ஜாடி வெஜிமைட் இலவசம் என்று சீட்டுக் கொடுத்தார்கள். 1937-ல் ஒரு பாட்டுப் போட்டி வைத்தார்கள். லிமெரிக் என்ற ஐந்தடி வேடிக்கைப் பாட்டு எழுதி அனுப்ப வேண்டும். பரிசு, அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான பாண்டியாக் கார்கள். பொருளாதார மந்தத்தின் அடியிலிருந்து அப்போதுதான் மெல்ல எழுந்துகொண்டிருந்த நாட்டில் அது எப்படிப்பட்ட பரிசு என்று எண்ணிப் பாருங்கள். பாட்டுகள் குவிந்தன, விற்பனையும் ஏறியது. (லிமெரிக்கின் அமைப்பைத் தமிழுக்குக் கொண்டுவந்து, குறும்பா என்று பெயரிட்டு, 1966-ல் ஒரு நூலே வெளியிட்டவர் ஈழத்துக் கவிஞர் மஹாகவி. ஐந்தே அடியில் ஒரு ஆளையும் ஒரு சிரிப்பையும் நிற்கவைக்கிற அந்த வடிவத்தின் இனிமையை அறியாதவர்கள் அதைத் தேடிப் படிக்கலாம்.)

பாட்டு எழுத உட்கார்ந்தவர் என்ன செய்திருப்பார் என்று பார்ப்போம். லிமெரிக்கில் முதல், இரண்டாம், ஐந்தாம் அடிகள் ஒரே ஒலியில் முடிய வேண்டும். வெஜிமைட்டை அடியின் கடைசியில் வைத்தால், அதற்கு இயைபாக ‘நைட்’, ‘லைட்’, ‘பைட்’, ‘டிலைட்’ என்று சொல் தேட வேண்டும். தேடும்போது வெஜிமைட் என்ற சொல்லை வாய்க்குள் இருபது தடவையாவது உருட்ட வேண்டும். சந்தம் சரிபார்க்க உரக்கச் சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பவர்களிடம் படித்துக் காட்ட வேண்டும். விளம்பரப் பலகையைக் கடந்து போகிறவர் அந்தப் பெயருக்குத் தரும் கவனம் அரை நொடி. இவர் தந்தது ஒரு மாலைப் பொழுது. அதுவும் கூலி வாங்காமல், விரும்பித் தந்தது.

இந்த வேறுபாட்டை உளவியலாளர்கள் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஆய்வகத்தில் அளந்தார்கள். 1978-ல் நார்மன் ஸ்லமெக்கா, பீட்டர் கிராஃப் இருவரும் ஓர் எளிய சோதனை செய்தார்கள். ஒரு குழுவுக்குச் சொற்களை இணை இணையாகக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு முதல் சொல்லை முழுதாகவும், இரண்டாவதன் முதல் எழுத்தை மட்டுமே கொடுத்து, மீதியை அவர்களையே கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கண்டுபிடிப்பதில் கஷ்டமே இல்லை. எல்லோரும் சரியாகவே நிரப்பினார்கள். ஆனாலும் பின்னால் கேட்டபோது, தாங்களே நிரப்பியவர்களுக்குச் சொற்கள் தெளிவாக அதிகம் நினைவிருந்தன. கண்ணால் வாங்கிய சொல்லைவிடத் தானே பிறப்பித்த சொல்லை மனம் பத்திரமாக வைக்கிறது. சொல்லைத் தேடும்போது அதன் பொருளையும் ஒலியையும் அக்கம்பக்கத்துச் சொற்களையும் மனம் தொட்டுவிட்டுத்தான் வருகிறது. நினைவுக்குத் திரும்பிவரும் வழிகள் அத்தனை கூடிவிடுகின்றன.

பாட்டு என்ற வடிவம் செய்யும் உதவி தனி. ஒரு விளையாட்டு: ஒரு பழத்தின் பெயர் சொல்லுங்கள். மா, வாழை, கொய்யா என்று எது வேண்டுமானாலும் வரலாம். இப்போது ‘உலா’ என்ற சொல்லுக்கு எதுகையாக ஒரு சொல் சொல்லுங்கள். நிலா வரலாம், விலா வரலாம். இனி இரண்டையும் சேர்த்துக் கேட்கிறேன்: உலாவுக்கு எதுகையான பழம் எது? பலாவைத் தவிர வேறு பதில் வர வழியே இல்லை. வாண்டா வாலஸ், டேவிட் ரூபின் என்ற ஆய்வாளர்கள் 1989-ல் இதையே ஆங்கிலத்தில் செய்து பார்த்தார்கள். பொருள் குறிப்பு மட்டும் தந்தபோதோ, ஒலிக் குறிப்பு மட்டும் தந்தபோதோ, எதிர்பார்த்த சொல் ஐந்தில் ஒரு தடவைகூட வரவில்லை. இரண்டையும் சேர்த்துத் தந்தபோது ஏறக்குறைய எப்போதும் வந்துவிட்டது. இரண்டு தளர்ந்த கயிறுகள் சேர்ந்ததும் இத்தனை இறுகும் என்று யாரும் கூட்டிக் கழித்து எதிர்பார்க்க முடியாது. எழுத்தில்லாத காலத்துக் கதைப்பாடல்கள் தலைமுறை தாண்டி நிற்பதற்கு ரூபின் சொன்ன விளக்கம் இதுதான். உணவுப் பண்டத்துக்கான வாசகம் நிற்பதற்கும் அதுவே விளக்கம்.

எல்லாப் புகழையும் பாட்டுக்கே கொடுத்துவிட முடியாது. 1939-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் வெஜிமைட்டைப் பி வைட்டமின்கள் நிறைந்த உணவாக ஏற்றுக்கொண்டது. மருத்துவர்களும் தாய்மார்களுக்குப் பரிந்துரைக்கத் தொடங்கினார்கள். போர் வந்ததும் ராணுவமே மொத்தமாக வாங்கியது. பொதுமக்களுக்குப் பங்கீடு செய்யவேண்டிய நிலை வந்தது. ஈஸ்ட் சாற்றின் மருத்துவ மதிப்பு வெறும் விளம்பரப் பேச்சும் அல்ல. அதற்கான சான்று நம் பக்கத்திலிருந்தே வந்தது. பம்பாயின் பஞ்சாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளுக்கு ஒருவகைக் கடும் இரத்தசோகை வந்து உயிரைப் பறித்துக்கொண்டிருந்தது. அதை ஆராய வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், மலிவாகக் கிடைத்த மார்மைட்டைக் கொடுத்தார். பெண்கள் தேறினார்கள். 1931-ல் அவர் அதை வெளியிட்டபோது, குணப்படுத்தியது எந்தச் சத்து என்று உலகத்துக்குத் தெரியாது. பத்தாண்டு கழித்து அது கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இன்று கர்ப்பிணிகள் எல்லோருக்கும் தரப்படும் ஃபோலிக் அமிலம் அதுதான். 1934, 1935 ஆண்டுகளில் இலங்கையைச் சூறையாடிய மலேரியாவின்போதும் மெலிந்து போனவர்களுக்கு மார்மைட் கொடுக்கப்பட்டது. அந்தத் தீவின் வீடுகளில் இன்றும் மார்மைட் ஜாடி உண்டு.

ஆக மருத்துவரும் ராணுவமும் பண்டத்தை வாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பெயரை அதற்கு முன்பே பாட்டு மனத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. 1954-ல் குழந்தைகள் பாடும் ஒரு வானொலிப் பாட்டு வந்தது: ஹேப்பி லிட்டில் வெஜிமைட்ஸ். அது விளம்பரக்காரர்கள் எழுதியது. ஆனால் அதில் வெஜிமைட் என்பது பண்டத்தின் பெயராக மட்டும் நிற்கவில்லை. பாடுகிற குழந்தைகளே வெஜிமைட்டுகள் ஆகிவிட்டார்கள். எதையும் திரும்பத் திரும்பக் கண்டும் கேட்டும் வந்தால் அதன்மேல் விருப்பம் வளரும் என்று 1968-ல் ராபர்ட் ஜயன்ஸ் காட்டினார். பொருளற்ற சொற்களுக்கும் அறிமுகமில்லாத முகங்களுக்கும்கூட அது பொருந்தியது. நாக்குக்கும் அப்படித்தான். கர்ப்பத்தின்போதோ பாலூட்டும்போதோ தாய் கேரட் சாறு குடித்திருந்தால், பிள்ளை முதன்முதலில் கேரட் கலந்த உணவைச் சாப்பிடும்போது முகம் சுளிப்பது குறைகிறது என்று ஜூலி மெனல்லாவின் குழு 2001-ல் கண்டது. எட்டு விழுக்காடு உப்புள்ள கறுப்புச் சாறு ஒரு நாட்டுக்குத் தாய்வீட்டுச் சுவையாக மாறியதில் மர்மம் ஏதுமில்லை. வேண்டாம் என்று சொல்லும் வயதுக்கு முன்பே பழகிவிட்டார்கள்.

இனி 2009-க்கு வருவோம். நிறுவனம் அப்போது உலகளாவிய கிராஃப்ட். வெஜிமைட்டை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று நாட்டைக் கேட்டார்கள். லட்சக்கணக்கானோர் பதில் எழுதினார்கள். பலர் அதைப் பாலாடைக்கட்டியோடு சேர்த்துத் தடவுகிறார்கள் என்பது தெரிந்தது. இரண்டையும் முன்கூட்டியே கலந்த ஒரு புதுப் பண்டம் பிறந்தது. ‘எனக்குப் பெயர் வையுங்கள்’ என்று அச்சிட்ட ஜாடியிலேயே அதைக் கடைக்கு அனுப்பினார்கள். 1923-ன் போட்டியையே திரும்ப நடத்துவதாகத்தான் நினைத்திருப்பார்கள். இந்த முறை வழி இணையம். 48,000-க்கு மேல் பெயர்கள் வந்தன.

48,000 என்றதும், இத்தனையில் ஒரு முத்து கிடைக்காமலா போகும் என்று தோன்றும். இங்கே கணிதம் சொல்வது வேறு. பெயர்களை வந்த வரிசையில் ஒவ்வொன்றாகப் படிக்கிறீர்கள். இதுவரை படித்ததில் இதுதான் சிறந்தது என்று எத்தனை முறை நிமிர்ந்து உட்காருவீர்கள்? முதல் பெயரில் ஒரு முறை கட்டாயம். இரண்டாவது பெயர் முதலாவதை வெல்ல வாய்ப்பு பாதி. மூன்றாவது தனக்கு முந்திய இரண்டையும் வெல்ல வாய்ப்பு மூன்றில் ஒன்று. ஆயிரமாவது பெயருக்கு ஆயிரத்தில் ஒன்று. இப்படியே கூட்டிக்கொண்டு போனால், முதல் ஆயிரம் பெயர்களில் சராசரியாக ஏழரை முறை நிமிர்வீர்கள். மீதமுள்ள 47,000-ல்? நான்கு முறைதான். மொத்தம் பதினொன்றைச் சற்றுத் தாண்டும். முதல் நாளில் கிடைத்ததைவிடக் கொஞ்சம் நல்ல ஒன்றுக்காக வாரக்கணக்கில் படித்துக்கொண்டிருக்க வேண்டும். பெயர் வேண்டும் என்பது மட்டுமே நோக்கமென்றால் ஆயிரம் பேரைக் கேட்டாலே போதும்.

மீதி 47,000 பேரின் உழைப்பு அப்போது எதற்கு? அந்த உழைப்புதான் விளைச்சல். வென்ற ஒரு பெயரால் நிறுவனத்துக்கு வருவது சிறிது. தோற்ற 47,999 பேரும் பண்டத்தைத் தின்று பார்த்து, அதைப் பற்றி யோசித்து, அதற்காக ஒரு சொல்லைப் பெற்றெடுத்தவர்கள். தான் செய்ததன்மேல் மனிதனுக்கு எத்தனை பற்று என்பதை மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டான் ஏரியலி மூவரும் 2012-ல் காகிதக் கலையைக் கொண்டு அளந்தார்கள். புதியவர்கள் கோணல்மாணலாக மடித்த காகிதக் கொக்குகளுக்கும் தவளைகளுக்கும் மற்றவர்கள் மிகக் குறைந்த காசே கொடுக்க முன்வந்தார்கள். மடித்தவர்களோ, தேர்ந்த கலைஞர்கள் மடித்தவற்றுக்கு இணையாக அவற்றை மதித்தார்கள். 1937-ல் கார் கிடைக்காதவர்கள் அத்தனை பேரும் இந்தப் பற்றோடுதான் கடைக்குப் போனார்கள். பாட்டுப் போட்டி விற்பனையை உயர்த்திய வழி என் கணிப்பில் இதுதான்.

2009-ல் அந்தப் பற்று எங்கே போனது? செப்டம்பர் 26. மெல்பர்னில் ஆஸ்திரேலியக் கால்பந்தின் இறுதி ஆட்டம். நாடே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நாளில் புதுப் பெயரை அறிவித்தார்கள்: ஐஸ்நாக் 2.0. ஐபாட், ஐபோன் என்று ஒரு கணினி நிறுவனம் தன் கருவிகளின் முன்னால் சேர்த்திருந்த எழுத்து. மென்பொருள் பதிப்புகளுக்குப் பின்னால் போடும் எண். இரண்டுக்கும் நடுவே தின்பண்டம் என்ற பொதுச்சொல். பார்வில் எந்த இடத்தில் சறுக்கியதோ, 81 ஆண்டு கழித்து இந்தப் பெயரும் அதே இடத்தில் சறுக்கியது. இதைக் கேட்டதும் மனம் வேறொரு நிறுவனத்தின் கடைக்குப் போய்விட்டுத்தான் ரொட்டிக்குத் திரும்ப வேண்டும். அந்தக் காலத்துச் சிலேடையாவது சக உணவுப் பண்டத்தின்மேல் சாய்ந்தது. இது கண்ணாடியும் உலோகமுமான கருவிகளின்மேல் சாய்ந்தது. வாயில் வைத்து உருட்டினால் உணவின் சுவை ஒரு துளியும் வராத பெயர்.

பெயரை அனுப்பியவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 48,000 பேரில் ஒருவராக அவர் ஒரு யோசனை சொன்னார். எடுத்தது நிறுவனத்தின் தேர்வுக் குழு. ட்விட்டரிலும் முகநூலிலும் அன்றிரவே கண்டனம் பொங்கியது. இந்தக் கோபத்தை நிறுவனம் எதிர்பார்க்கவில்லை. நான் இதை அன்பின் மறுபக்கமாகவே படிக்கிறேன். தன் பாட்டியின் காலத்துப் பண்டத்துக்குத் தானும் ஒரு பெயர் எழுதி அனுப்பியவர், அந்தப் பண்டத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று நம்பிவிட்டார். பங்கு உண்டு என்று அவரை நம்பவைத்தது அந்தப் போட்டியேதான். 1937-ல் இதே மனக்குறை யாருக்காவது இருந்திருந்தால் சமையலறையோடு முடிந்திருக்கும். ஆயிரம் மைல் தள்ளி இன்னொரு சமையலறையிலும் அதே குறை இருப்பது அவருக்குத் தெரிய வழியில்லை. தபால் பெட்டிக்குப் போகும் பாதை ஒருவழி. தோற்றவர்கள் தோற்றவர்களைச் சந்திக்கவே மாட்டார்கள். இணையத்தில் பெயர் அனுப்பிய 48,000 பேரும் அனுப்பிய அதே கருவியில், அதே மாலையில், ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள்.

அதனால்தான் ஒரு சிறு நிறுவனத்துக்கு இணையப் போட்டி பழைய போட்டியைவிடக் கடினமானது. உழைக்கக் கேட்க வேண்டும்; ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னால் பற்று பிறக்காது. வந்தவற்றை எல்லோரும் பார்க்க வைக்க வேண்டும். மூடிய அறைக்குள் எடுத்த முடிவை ஊர் ஏற்காது. பரிசைவிட முக்கியம், தேர்ந்தெடுத்த வரியில் தங்கள் குரல் இருப்பதாகத் தோற்றவர்களுக்கும் தோன்ற வேண்டும். தன் மாம்பழ ஊறுகாய்க்கோ கடலை மிட்டாய்க்கோ வாசகம் கேட்கிறவர், வந்து குவியும் வரிகளில் எது புத்திசாலித்தனமானது என்று பார்ப்பதைவிட, எதை மற்றவர்கள் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறார்கள் என்று கவனிப்பது நல்லது. வாய் திருப்பிச் சொன்னது மனத்தில் ஏற்கெனவே குடியேறத் தொடங்கிவிட்டது.

கிராஃப்ட் நான்கு நாள் தாங்கியது. செப்டம்பர் 30-ல் ஐஸ்நாக் 2.0 திரும்பப் பெறப்பட்டது. சில பெயர்களைப் பட்டியலிட்டு மக்களையே வாக்களிக்கச் சொன்னார்கள். சுமார் 30,000 வாக்குகள் விழுந்தன. அக்டோபர் 7-ல் முடிவு வந்தது. 36 விழுக்காடு வாக்கு பெற்று முதலில் வந்த பெயர் சீஸிபைட். வெஜிமைட் சீஸிபைட் என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: 1937-ல் பாட்டு எழுத உட்கார்ந்தவர்கள் வெஜிமைட்டுக்கு இயைபு தேடியபோது முதல் பத்துச் சொற்களுக்குள் வந்து விழுந்திருக்கக்கூடிய ‘பைட்’ அதில் இருக்கிறது.